ஏழாவது வரி

ஜூலை 3, வியாழன்

மூன்றேகால் விநாடி. இன்று கைக்கடிகாரத்தை வைத்தே பார்த்தேன். இறால் ஆலையின் கட்டுப்பாட்டு அறைக் கணினியிடம் 'உன் உடம்பு எப்படி இருக்கிறது' என்று கேட்டால் பதில் வர அவ்வளவு நேரம். முதலில் எழுத்துகளை அடுக்கிச் செய்த ஒரு பென்குவின் படம் வரும். பக்கத்தில் இருபத்திரண்டு வரி. எனக்கு வேண்டியது அதில் ஆறு.

"நீங்க அதத் தட்டிட்டு உக்காந்திருக்க நேரத்துல நான் ஒரு டீயே குடிச்சிருவேன் மேடம்" என்றார் பொன்னிருளன் அண்ணாச்சி. பகல் ஷிப்ட் ஆபரேட்டர். ஐம்பத்திரண்டு வயது, பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி.

எங்கள் அலுவலகத்தில் முதலாளி சபரீஷ் சாரையும் சேர்த்து ஐந்து பேர்தான். தூத்துக்குடியைச் சுற்றியுள்ள ஐஸ் ஆலைகள், இறால் ஆலைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறோம். மொத்தம் பத்தொன்பது. எல்லாம் வயதான, நினைவகம் குறைந்த இயந்திரங்கள். அதில் போய் பென்குவின் வரைந்துகொண்டிருக்க வேண்டுமா?

நானே ஒன்று எழுதப் போகிறேன். படம் இல்லை, வண்ணம் இல்லை. ஆறு வரி.

ஜூலை 6, ஞாயிறு

துணி ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மறந்தே போனேன். ஜெசிந்தா அக்கா நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து, "ஏட்டி செலி, பக்கெட்டுல மீனா வளக்க?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

பழைய கருவி ஏன் மெதுவாக இருந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் வெளியே ஒரு புரோகிராமைக் கூப்பிடுகிறது. இருபத்திரண்டு பேரைக் கூப்பிட்டு, இருபத்திரண்டு பேரும் வந்து சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறது. நான் யாரையும் கூப்பிடவில்லை. இயங்குதளம் எல்லா விவரத்தையும் நினைவகத்திலேயே சின்னச் சின்னக் கோப்புகளாக வைத்திருக்கிறது. நேராகப் போய் எடுத்து, ஒரே தடவையில் திரையில் கொட்டிவிட வேண்டியது. சி மொழியில் இருநூற்றுப் பத்து வரி.

ஆயிரம் முறை ஓட்டிச் சராசரி எடுத்தேன். 0.9 மில்லி விநாடி.

பெயர் வைத்துவிட்டேன்: இமை.

ஜூலை 9, புதன்

0.41.

ஜூலை 14, திங்கள்

இமையை ஆலைக் கணினியில் போட்டேன். இயந்திரத்தின் பெயர், இயங்குதளம், எவ்வளவு நேரமாக ஓடுகிறது, நினைவகம், சூடு, சுமை. கட்டளையைத் தட்டி விரலை எடுப்பதற்குள் ஆறு வரியும் நிற்கின்றன. அண்ணாச்சி இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "முன்னாடியே எழுதி வச்சிருக்கா மேடம்?" என்று சந்தேகப்பட்டார்.

பிறகு ஒன்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் தட்ட முடியாது, திரையின் மூலையில் அதுவே நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தால் போகிறபோக்கில் பார்த்துக்கொள்வேனே என்றார். நல்ல யோசனை. மேலே நேரத்தையும் போட்டுச் செய்துகொடுத்தேன். வரிகளின் பெயர்களையும் தமிழில் மாற்றினேன்.

திங்கட்கிழமை என்பதால் சைரன் சோதனை நடந்தது. அந்த ஆலையில் குளிரூட்டுவது அம்மோனியா. கசிந்தால் உணர்கருவி கணினிக்குச் சொல்லும். கணினி சைரனை அடிக்கும். கருவியிலிருந்து சைரனுக்கு நேரடி வயர் கிடையாது. ஏன் என்று சென்ற வருடமே கேட்டிருக்கிறேன். "இப்பவே நல்லாத்தானே இருக்கு" என்றார் ஆலை மேலாளர் வைகுண்டராஜா.

சைரன் அடித்ததும் பேக்கிங் ஹாலில் இருந்து பெண்கள் கையுறையோடு எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி கையைக் காட்டி "சும்மா, சும்மா" என்றார். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

ஜூலை 19, சனி

0.33. பத்தொன்பது கணினியிலும் போட்டாயிற்று. சபரீஷ் சார் வாடிக்கையாளர்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஜூலை 24, வியாழன்

வைகுண்டராஜா ஏழாவதாக ஒரு வரி கேட்கிறார். ஆலை அலுவலகத்தில் ஒரு சேமிப்புப் பெட்டி இருக்கிறது. நாள் பதிவுகளெல்லாம் நெட்வொர்க் வழியாகப் போய் அதில் சேரும். அதில் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரிய வேண்டுமாம்.

எனக்கு இஷ்டமில்லை. இமையின் அழகே அது தன் இயந்திரத்துக்கு வெளியே எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான். சபரீஷ் சாரிடம் சொன்னேன். "ஒரு வரிதானே செலஸ்டினா. நாளைக்கே போட்டுரு. மாதா கோயில் திருவிழான்னு ஒரு வாரம் காணாமப் போயிருவீங்க எல்லாரும்" என்றார்.

ஜூலை 25, வெள்ளி

போட்டேன். பத்து நிமிட வேலை. பெட்டி ஓடும்போது இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், 0.52. ஏறிவிட்டது, எரிச்சலாக இருக்கிறது. மற்ற சோதனைகள் திங்கட்கிழமை. அக்கா கீழே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். கடை சாத்துவதற்குள் அவள் பிளவுசை வாங்க வேண்டும்.

ஜூலை 26, சனி

கொடியேற்றம். நல்ல கூட்டம். கால் வலி.

ஜூலை 27, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போனோம். பதினொரு மணிக்கு ஆலையில் இருந்து ஒரு போன். வெளியே வந்து இரண்டு நிமிடம் பேசினேன். முக்கியம் ஒன்றும் இல்லை.

மாலை நாலரைக்கு அக்காவை மருத்துவமனையில் இருந்து உடனே வரச் சொன்னார்கள். இறால் ஆலையில் அம்மோனியா கசிவு. பேக்கிங் ஹாலில் இருந்து ஒன்பது பெண்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

யாரும் சாகவில்லை.

யாரும் சாகவில்லை என்று அக்கா போனில் சொன்னாள்.

ஜூலை 28, திங்கள்

காலையில் ஆலைக்குப் போனேன். ஹாலின் கதவுகளைத் திறந்துபோட்டிருந்தார்கள், அப்படியும் கண் எரிந்தது. தரையில் ஒற்றைச் செருப்புகள்.

நேற்று 3:10க்கு ஒரு வால்வு விட்டிருக்கிறது. பெண்கள் வெளியே ஓடிவந்தது 3:21க்கு, நெடி தாங்காமல். அண்ணாச்சி அப்போதுதான் திரையில் சிவப்பைப் பார்த்து ஓடியிருக்கிறார். சைரன் அடிக்கவில்லை என்கிறார்; ஹாலில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சபரீஷ் சார் நேற்று மாலையே தன் வீட்டில் இருந்து இணையம் வழியாகவே கணினியை அணைத்து மறுபடி போட்டிருக்கிறார். அதன் பிறகு சைரனைச் சோதித்தால் நன்றாக அடிக்கிறது.

ஆலையில் என்னிடம் அறிக்கை கேட்டார்கள். சைரனை அடிக்கச் சொல்லும் எச்சரிக்கை நிரலின் பதிவில் '3:10:04 எச்சரிக்கை அனுப்பப்பட்டது' என்று இருக்கிறது. இருந்ததை எழுதிக் கொடுத்தேன். இருந்ததைத்தான் எழுதினேன்.

அலுவலக அறையில் சேமிப்புப் பெட்டி அணைந்திருந்தது. அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை என்று காலை ஆறு மணிக்கே யாரோ அந்த அறையின் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். போட்டுவிட்டேன்.

மதியம் இமையில் ஒரு சின்னத் திருத்தம். ஏழாவது வரியை எடுத்துவிட்டேன். வேகம் குறைந்தது பிடிக்கவில்லை. பத்தொன்பது கணினியிலும் 0.3 பதிப்பைப் போட்டாயிற்று.

ஜூலை 29, செவ்வாய்

அண்ணாச்சியைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பணி நேரத்தில் தூங்கியதாக நோட்டீஸ். என் அறிக்கையின் நகல் அதோடு இணைக்கப்பட்டிருக்கிறதாம்.

ஜூலை 31, வியாழன்

தண்ணீர் லாரி வந்தது. ஆறு குடம். மிக்சி ரிப்பேருக்குக் கொடுத்தேன். இமை 0.29 மில்லி விநாடி.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பொன்னிருளன் அண்ணாச்சி மூன்று தடவை அழைத்தார். கூட்டத்தில் இருந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

இரண்டு தடவை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருநாள். ஊர் விடுமுறை. அக்காவுக்கு விடுமுறை இல்லை. மதியம் சாப்பிட வந்தபோது பேச்சித்தாயைப் பற்றிச் சொன்னாள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் இருக்கிறாள். இருபத்தாறு வயது. வெளியே வந்தவள், கீழே விழுந்த ஒருத்தியை இழுத்துவர மறுபடி உள்ளே போயிருக்கிறாள். நுரையீரல் தேறிவருகிறது. இடது கண்ணைப் பற்றி டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

"காலம்பற எழுந்ததும் அந்த ஆபரேட்டர வையுதா. எந்திச்சிருந்தா பதினோரு நிமிசம் கெடைச்சிருக்கும்லாங்கா. பாவம், அதச் சொல்லிச் சொல்லி மூச்சு வாங்குது" என்றாள் அக்கா. "நீ அந்த ஆலைக்குத்தான போவ? அந்தாளு அப்படிப்பட்டவரா?"

"தெரியாது" என்றேன்.

நண்டுக் குழம்பு. நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று திட்டினாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேறு எதையோ தேடப் போய் ஆலைக் கணினியின் பழைய பதிவுகளைத் திறந்தேன். 27ஆம் தேதி, காலை 6:04க்கு ஒரு வரி: 'இமை, 120 விநாடிக்கு மேல் முடங்கியுள்ளது.' அடுத்த நிமிடம் இன்னொன்று. அப்படிப் பத்து. பத்து தடவை சொல்லிவிட்டு இயங்குதளம் நிறுத்திக்கொள்ளும்.

அணைந்துபோன பெட்டியிடம் ஏழாவது வரி 'எவ்வளவு இடம் இருக்கிறது' என்று கேட்டிருக்கிறது. பதில் வரவில்லை. காத்திருந்திருக்கிறது. அடுத்த நிமிடம் இன்னொரு இமை வந்து கேட்டுவிட்டு அதன் பின்னால் நின்றிருக்கிறது. அதற்கடுத்த நிமிடம் இன்னொன்று.

அதனால் சைரன் அடிக்காமல் போகும் என்று அர்த்தமில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

அக்கா பகல் டியூட்டி. வீட்டில் இரண்டு பழைய கணினிகளை வைத்து ஆலையில் இருப்பது போலவே அமைத்தேன். அதே எச்சரிக்கை நிரல். சைரனுக்குப் பதில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. ஏழாவது வரி இருந்த இமையின் 0.2 பதிப்பு.

6:00. பெட்டியின் கேபிளைப் பிடுங்கினேன். முடங்கியவை: 0.

7:00. எச்சரிக்கை கொடுத்துப் பார்த்தேன். அடித்தது. 120. ஒவ்வொரு இமையோடும் அதை எழுப்பிய நிரலும் நிற்கிறது, நிமிடத்துக்கு இரண்டு.

9:00. அடித்தது. 360. பாத்திரம் கழுவினேன்.

11:00. அடித்தது. 600. திரையில் எந்த வித்தியாசமும் இல்லை. மூலையில் இமையின் நேரம் மட்டும் 6:00லேயே நிற்கிறது.

1:00. அடித்தது. 840. எதிர்வீட்டில் இருந்து யாரோ வந்து, ஏன் இப்படி மணி அடிக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

2:00. அடித்தது. 960.

2:20. அடித்தது.  ஒரு பயனர் பெயரில் ஒரே நேரத்தில் இவ்வளவு நிரல்தான் ஓடலாம் என்று ஒரு வரம்பு உண்டு; இமையும் சைரனும் ஒரே பெயரில்தான். 1024.

2:31. எச்சரிக்கை கொடுத்தேன். திரை சிவப்பானது. பதிவில் 'எச்சரிக்கை அனுப்பப்பட்டது' என்று எழுதியது. ஒலிபெருக்கி அடிக்கவில்லை.

மறுபடி கொடுத்தேன். அடிக்கவில்லை.

சைரனை அடிக்க ஒரு சின்ன நிரலைத் தொடங்க வேண்டும். தொடங்க இடமில்லை. எல்லா இடத்திலும் என் இமைகள் நின்றுகொண்டிருந்தன. அனுப்பியதாக எழுதிவைக்கும் நிரல், அடித்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

3:10 வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று பத்துக்கு ஒரு தடவை கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் அணைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சபரீஷ் சாரிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார். முழுவதையும் கேட்டார். 

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"அந்தப் பதிவு எத்தனை நாள் இருக்கும்?"

"நாலு வாரம். இருபத்திநாலாம் தேதி ஞாயித்துக்கிழமை தானா அழிஞ்சிரும்."

"விசாரணை இருபத்தெட்டாம் தேதி." மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். "பாரு, நான் எதையும் அழிக்கச் சொல்லல. அழிச்சா தப்பு. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இரு. அவ்வளவுதான் நான் கேக்கறது. அஞ்சு குடும்பம் இருக்கு இந்த ஆபீஸ்ல."

"பொன்னிருளன் அண்ணாச்சி என்ன ஆவாரு சார்…"

"அவர் திரையைப் பாத்திருக்கணும்ல? பதினோரு நிமிஷம் செவப்பா நின்னுருக்கு. அதுவும் உண்மைதானே?"

அதுவும் உண்மைதான். அந்தப் பதினோரு நிமிடமும் அவர் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஷிப்ட் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். சைரன் இருக்கிறதே என்றுதான் யாரும் திரைக்கு முதுகு காட்டுவார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

சும்மா இருந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சும்மா இருப்பது எவ்வளவு வேலை. அலுவலகத்தில் என்னைத் தவிர எல்லோரும் சத்தமாகப் பேசுவது போலிருக்கிறது. மிக்சி வந்துவிட்டது, இன்னும் அதே சத்தம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். "மேடம்" என்று குரல். பொன்னிருளன் அண்ணாச்சி. சட்டை தொளதொளவென்று இருந்தது. ஓட இடமில்லை, பின்னால் வெங்காய மூட்டை.

"போன் போட்டேன் மேடம். பிஸியா இருந்திருப்பிய."

"ஆமா அண்ணாச்சி. கொஞ்சம் வேலை."

"ஒண்ணுமில்ல. அன்னைக்குக் காலைல பதினோரு மணிக்கு நான் உங்களுக்குப் போன் போட்டேன்லா? அதச் சொல்லணும். அப்போ நான் முழிச்சுத்தான இருந்தேன். அத விசாரணையில ஒரு வார்த்த சொன்னியன்னா…"

"பதினோரு மணி வேற, மூணு மணி வேற அண்ணாச்சி." என் வாயில் இருந்துதான் வந்தது.

"ஆமா, அதுவும் சரிதான்." கோபப்படவில்லை. பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். "ஒரு சந்தேகம் மேடம். உங்க ரிப்போர்ட்டுல சைரனுக்குத் தகவல் போச்சுன்னு இருக்கு. கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுல்லா. ராவும் பகலும் யோசிச்சுப் பாத்துட்டேன். ஒருவேள அது அடிச்சு எனக்குத்தான் கேக்கலையோன்னு… போன வாரம் காது டெஸ்டுக்குப் போயிருந்தேன்."

தராசுக்காரர் என் தக்காளியை நிறுத்துவிட்டு நீட்டிக்கொண்டே நின்றார்.

"காது நல்லாருக்குன்னுட்டாரு டாக்டரு. இன்னொரு டாக்டர்ட்ட காட்டலாம்னு வீட்டுல சொல்லுதாவ. ஏன்னா கேக்காமப் போயிருந்தா அந்தப் புள்ள கண்ணுக்கு நாந்தான பொறுப்பு?"

தக்காளியை வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பதிவுகளை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். அவள் யூனிபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ மூணு வாரமா நான் மருந்து விடுத கண்ணு, நீ செஞ்ச வேலையாட்டி?"

"என் வேலை மட்டும் இல்லக்கா. நேரடி வயர் இல்ல, சுவிட்சை யாரோ…"

"நான் உன்ட்ட என்ன கேட்டேன்?"

"ஆமாக்கா."

 மறுபடி இஸ்திரி போட்டாள். ஒரே சேலையை இரண்டு தடவை. பிறகு, "நாளைக்கு எத்தன மணிக்கு அந்த விசாரணை ஆபீசு தொறக்கும்?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகம். விசாரணை அதிகாரி ஒரு பெண், என் வயதுக்குப் பத்து கூட இருக்கும். முதல் ஐந்து நிமிடம் நான் ஏதோ ஆலைக்கு எதிராகப் புகார் கொடுக்க வந்தவள் என்று நினைத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பதிவு நகல்களைக் கொடுத்தேன். எப்போது தெரியவந்தது என்று கேட்டார். எட்டாம் தேதி, அந்த வரிகளைப் பார்த்தபோது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மாலைக்குள் சபரீஷ் சாரின் போன் வந்தது. நாளையில் இருந்து வர வேண்டாம் என்றார். திட்டவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

ஆலையில் சோதனை. ஹாலில் யாரும் இல்லை, உற்பத்தியை நிறுத்தியிருந்தார்கள். அதிகாரி சொன்னபடி காலை ஆறு மணிக்குப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்கள். 27ஆம் தேதி இருந்த அதே பதிப்பு, அதே கணினி. நான் கீபோர்டைத் தொடக்கூடாது என்று ஒரு ஸ்டூலில் தள்ளி உட்காரவைத்தார்கள்.

இரண்டு மணிக்குச் சோதனை வாயு கொடுத்தார்கள். சைரன் அடித்தது. வைகுண்டராஜா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்: பார்த்தாயா என்பது போல.  ஒருவேளை மூன்று பத்துக்கும் அடித்துவிட்டால்? அடிக்க வேண்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது; அடித்தால் நான் செய்தது இல்லை என்றாகும். அண்ணாச்சி கதவருகே கையைக் கட்டி நின்றிருந்தார். அவரைப் பார்த்த பிறகு எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

3:10. வாயு. திரை சிவப்பு.

சத்தமே இல்லை.

எல்லோரும் கூரையில் இருந்த சைரனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதிகாரி தன் கடிகாரத்தைப் பார்த்தபடி பதினோரு நிமிடமும் நிற்கவைத்தார். பதினோரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. 

3:21க்கு அதிகாரி வைகுண்டராஜாவிடம் கேட்டார்: "உயிர் காக்கிற சைரனுக்கு ஏன் நேரடி வயர் இல்ல?"

"அது… டிசைன்லயே அப்படித்தான் மேடம்."

"யார் போட்ட டிசைன்?"

வைகுண்டராஜா போனை எடுத்து யாருடைய எண்ணையோ தேடினார்.

பொன்னிருளன் அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நான் பக்கத்தில் போகவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அண்ணாச்சியின் சஸ்பென்ஷனை ரத்து செய்துவிட்டார்கள். நேரடி வயர் போடும்வரை ஆலை திறக்கக்கூடாது என்று உத்தரவு. அக்கா சொல்லித் தெரிந்தது.

ஆகஸ்ட் 23, சனி

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். அக்கா நாற்காலி போட்டு, காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்னை என்னவென்று சொல்வது.

காப்பியைத் தொடவில்லை.

"எட்டாந்தேதி தெரிஞ்சிருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கிய. பதினெட்டாந்தேதிதான் போயிருக்கிய. பத்து நாளு. அந்தப் பத்து நாளுல என் மவளப் பாக்க வந்தவுக வேண்டாம்னுட்டுப் போனாவ. தூங்குமூஞ்சி வீட்டுல சம்பந்தம் வேண்டாமாம். அதுகூடப் போவுது மேடம். மார்க்கெட்டுல நான் காது டெஸ்டப் பத்திச் சொன்னேன்லா? அப்போ நீங்க மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு நின்னிய. அப்பவும் தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி."

தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். அதோடு போயிருப்பார். நான் பேசாமல் இருந்திருந்தால் போயிருப்பார். பத்து நாள் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார். வாக்குமூலத் தாளிலும் அதுதான் இருக்கிறது. இந்த நோட்டிலும் அதுதான் இருக்கிறது.

"பத்து நாளு இல்ல அண்ணாச்சி" என்றேன். "மறுநாளே தெரியும்."

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர் போனில் 'மூலையில உங்க வரி காலம்பற ஆறு மணியிலயே நிக்கி, என்னன்னு பாக்கியளா' என்று கேட்டது. நான் 'அது சும்மா அழகுக்குத்தான் அண்ணாச்சி, நாளைக்குப் பாக்கேன்' என்று சொல்லிவிட்டுப் பூசைக்குத் திரும்பிப் போனது. திங்கட்கிழமை அணைந்திருந்த பெட்டியைப் பார்த்த அந்த நிமிடமே எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததால்தான் மதியமே ஏழாவது வரியை எல்லாக் கணினியில் இருந்தும் எடுத்தேன். எட்டாம் தேதி அந்தப் பதிவைத் தற்செயலாகப் பார்க்கவில்லை. அது அழிந்துவிட்டதா என்று பார்க்கத்தான் போனேன்.

இதையெல்லாம் இங்கேகூட எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"இத அந்த ஆபீசரம்மாட்ட சொன்னியளா?"

"இல்ல."

"அப்போ என்ட்ட எதுக்குச் சொல்லுதிய?"

 எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பேச்சித்தாய திங்கக்கெழம வீட்டுக்கு அனுப்புதாவளாம். நேத்து நான் போயிருந்தேன். என் கையப் புடிச்சிட்டு மன்னிச்சிருங்கண்ணேன்னு அழுதா. அவ எதுக்கு மேடம் அழணும்?" என்றார்.

போய்விட்டார். காப்பி அப்படியே ஆடை கட்டியிருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பத்து மணிக்குப் பாதுகாப்பு அலுவலகம். கூடுதல் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றேன். அதிகாரி முழுவதையும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் வாக்குமூலத்தோட இருந்திருந்தா நீங்க ஒரு சாட்சி. இதைக் கொடுத்தா உங்க மேலயும் நடவடிக்கை வரும். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"யோசிச்சிட்டு மதியம் வாங்களேன்."

"இப்பவே போடுதேன்."

மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்து.  

அங்கிருந்து பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். அக்கா மாடிப்படியில் எதிர்ப்பட்டாள். எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. "வலது பக்கம், மூணாவது கட்டில்" என்று மட்டும் சொன்னாள். "அவளுக்கு வலது கண்ணுதான் தெரியும். அந்தப் பக்கமா நின்னு பேசு."

பேச்சித்தாய் கட்டிலில் உட்கார்ந்து துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னவள். இடது கண்ணில் பஞ்சு. நிழல் தட்டியதும் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். யாரோ சொந்தக்காரி என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்தாள். உட்காரச் சொல்லி மெத்தையில் இடம் ஒதுக்கினாள்.

"யாருக்கா நீங்க?" என்று கேட்டாள்.

நான் உட்காரவில்லை. வலது பக்கமாக வந்து நின்றேன். பெயரைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன்.